பதினோரு எழுத்து

திரையில் வணக்கம் என்று வந்தது, ஒரு காற்புள்ளி வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முத்துச்செல்வி மூன்றாம் தடவையாகத் தன் பெயரைப் பெட்டிக்குள் தட்டி, பட்டனை அமுக்கிக் காட்டிவிட்டு, "டைப் பண்ணியும் பேரு வரமாட்டேங்குது மேடம்" என்றாள், அழுகைக்கு அரை அடி தூரத்தில் நின்றுகொண்டு. செய்முறைத் தேர்வில் மேற்பார்வைக்கு நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த அறையில் வெளித்தேர்வாளர் ஜெபமணி ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாசரேத்துக்காரர், சட்டம் என்றால் சட்டம். செண்பகவல்லி குனிந்து திரையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்தப் பாலிடெக்னிக்கில் பைதான் புரோகிராமிங் பாடம் வந்த நாளிலிருந்து வகுப்புக்கு நாலு பிள்ளைகளாவது செய்கிற தப்புதான். பெட்டியை உண்டாக்கிய வரிக்கு அடுத்த வரியிலேயே, உள்ளே என்ன இருக்கிறது என்று முத்துச்செல்வி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டுவிட்டாள். புரோகிராம் ஜன்னல் திரையில் திறக்கிற நொடியில் பெட்டிக்குள் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டு, பிறகு யார் எதைத் தட்டினாலும், எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும், புரோகிராம் அதையேதான் எடுத்து நீட்டும். பட்டனை அமுக்கும்போது ஓடுகிற பகுதிக்குள் அந்த வரி போக வேண்டும். நாலு வரி கீழே இறக்கினால் தீர்ந்தது. வகுப்பில் இதற்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தாள் செண்பகவல்லி, வருஷா வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது: இலை போடுறதுக்கு முன்னால போய் ரசம் எப்படி இருக்குன்னு கேட்டா, எவன் பதில் சொல்லுவான்? பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அதே தப்பைச் செய்வார்கள். இப்போது அந்த வசனம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சட்டத்துக்குப் பயந்து நின்றது என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். அதனால் இல்லை. இந்த வரியை, இதே இடத்தில், பெட்டிக்கு அடியில் ஒட்டினாற்போல, தன் கையாலேயே எழுதிய மாதிரி ஒரு நினைப்பு வந்து குறுக்கே விழுந்தது. எங்கே எழுதினோம், கரும்பலகையிலா, இல்லை, பலகையில் எழுதும்போது மாவு வாசனை வராது.

மாவு வாசனை. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, ஒரு கையால் மாவைத் தள்ளிவிட்டு மறு கையால் தட்டியது. உள்ளறைக் கட்டிலில் சங்கரபாண்டியன் தலையணையில் சாய்ந்திருந்தார். அவள் புருஷன், இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் உள்ள அத்தனை டாக்டர்களிடமும் பேசியே சோறு தின்றவர். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். தாலி கட்டின மூன்றாம் நாளே சொல்லியிருக்கிறாள். நரம்பு நோய் என்று மதுரை டாக்டர் சொன்னபோது முதலில் போனது நாக்குதான். வார்த்தை குழறி, குழறல் முனகலாகி, முனகலும் நின்றது. பிறகு கால். பிறகு இடது கை. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் அவர் சொன்னபடி கேட்டது, அதுவும் முறைத்துக்கொண்டு கேட்கிற வேலைக்காரன் மாதிரி. அந்த ஒரு விரலுக்காகத்தான் அந்த ஜன்னலை எழுதினாள். பெரிய பெட்டி ஒன்று, அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன். பெட்டியில் தட்டி, பட்டனை அமுக்கினால், அவர் தட்டியது, அமுக்கிய நேரத்தோடு சேர்த்து, அவள் போனுக்கு வந்து விழும். விழுந்ததும் பெட்டி தானாகத் துடைத்துக்கொள்ளும், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தாக அழிக்க அந்த விரலுக்குத் தெம்பு கிடையாது. தமிழில் தட்டினால் விசை அதிகம் என்று இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடிப்பார், தண்ணிக்கும் வலிக்கும் அது போதும். எல்லாம் யோசித்துத்தான் செய்தாள். அவளைப் போல யோசிக்கிறவள் அந்தத் துறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் சோதித்துப் பார்த்தோமே. இதைப் பிடித்துக்கொண்டாள். சோதிக்காமல் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பட்டனை அமுக்கினாள், போன் கிண்ணென்றது, 'சோதனை' என்று வந்தது, உள்ளே ஓடிப்போய் அவருக்குக் காட்டினாள், அவர் முகத்தில் பாதி சிரித்தது. 'சோதனை' என்று வந்ததே. வந்தது. ஒவ்வொரு தடவையும் தட்டிக்கொண்டிருப்பானேன் என்று, ஜன்னல் திறக்கும்போதே அந்தச் சொல் பெட்டிக்குள் இருக்கும்படி ஒரு வரி போட்டிருந்தாள். அந்த வரிக்குக் கீழே, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற வரி. கேட்டால் 'சோதனை' என்றுதான் சொல்லும். அப்புறம், வேலை முடிந்ததும், சோதனை வரியை மட்டும் எடுத்துவிட்டாள். மாவு பொங்கி வழிய ஆரம்பித்திருந்தது, கிரைண்டரை நிறுத்த எழுந்தாள். மறுபடியும் அமுக்கிப் பார்க்கவில்லை. செண்பகவல்லி முத்துச்செல்வியின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். மேடம், மேடம் என்று அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. இரு, என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன் மேஜை டிராயரில் இருந்தது. வீட்டில் நோயாளி என்பதால் தேர்வறையில் அவள் மட்டும் போன் வைத்துக்கொள்ளலாம் என்று துறைத்தலைவர் எழுதிக் கொடுத்திருந்தார். எடுத்து, அவரிடமிருந்து வந்த செய்திகளைத் திறந்தாள். நாற்பத்தொன்று. மேலிருந்து கீழ் வரைக்கும் நேரம் மட்டும், பக்கத்தில் வெள்ளை. ஜனவரி இருபத்தொன்று, பதினொன்று பத்து. அன்றைக்கே இரண்டு நாற்பது. இருபத்து மூன்று, மூன்று தடவை. முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் பதறி வீட்டுக்குப் போன் போட்டாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிற மாடத்தி எடுத்து, சாரு நல்லாத்தாம்மா இருக்காரு என்பாள். இரண்டாம் வாரம் பதற்றம் போய் எரிச்சல் வந்தது. குழந்தை காலிங் பெல்லை அமுக்குகிற மாதிரி அமுக்குகிறார் என்று நினைத்தாள். ஆள் கவனம் வேண்டியிருக்கிறது, வேறென்ன. பேசாமல் இருக்க மாட்டாத மனுஷன், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அமுக்குவார். மாடத்தி ஒரு நாள் சொன்னாள், சொன்னாள்தானே, சமையற்கட்டு வாசலில் நின்று, போகிற போக்கில், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சாரு சும்மா அமுக்கலம்மா. என்னமோ அடிச்சிட்டுத்தான் அமுக்குதாரு. டப்பாக்குள்ள எழுத்து வருது, எனக்குத்தான் இங்கிலீசு வாசிக்கத் தெரியல." அதற்கு செண்பகவல்லி என்ன பதில் சொன்னாள்? சிரித்தாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மாடத்தி என்றாள். இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் பண்ணுகிறவள் சொன்னால் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்ன பேசுவாள், பாத்திரம் கழுவப் போனாள். கண் எதிரே எழுத்தைப் பார்த்தவள் சொன்னதை விட்டுவிட்டு, தான் எழுதின ஓட்டைப் புரோகிராமை நம்பினாளே, படித்த முட்டாள் என்று ஊரில் சொல்வது சும்மாவா.

பிப்ரவரி பதினாலு. மூன்று வெள்ளை, பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரைக்குள். அது அவள் பிறந்தநாள். காதலர் தினத்தில் பிறந்துவிட்டு சிரிக்க மாட்டேன் என்கிறாயே என்று வருஷா வருஷம் அதே கிண்டலைச் செய்வார். இந்த வருஷம் கிண்டல் இல்லை என்று அன்றைக்கு அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. பிப்ரவரி இருபத்தேழு, இரண்டு வெள்ளை, இரண்டு மணிக்கு ஒன்று, இரண்டு ஐம்பதுக்கு ஒன்று. அன்றைக்கு மாடத்தி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு மணி நேரம் போய்விட்டாள். சாயங்காலம் செண்பகவல்லி வந்து பார்த்தபோது சிறுநீர்க் குழாய் கழன்று முதுகெல்லாம் நனைந்து அப்படியே காய்ந்திருந்தது. மாடத்தியைத்தான் திட்டினாள். சொல்லி அனுப்பியிருக்கிறார், இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், ஐம்பது நிமிஷம் ஒரு விரலால் தட்டிச் சொல்லியிருக்கிறார், இவள் இங்கே பேப்பர் திருத்திக்கொண்டு வெள்ளையைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இன்னொரு நினைப்பு இப்போதுதான் வந்தது, இவ்வளவு நேரம் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த மாதிரி வந்தது. அவருக்குத் தெரியாதே. வெள்ளையாகத்தான் வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டனை அமுக்கினார், பெட்டி துடைத்துக்கொண்டது, போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். சாயங்காலம் பெண்டாட்டி வருவாள், கால் கழுவுவாள், கஞ்சி ஊட்டுவாள், அவர் சொன்ன எதற்கும் ஒரு பதில் சொல்ல மாட்டாள். வாசித்தும் வாசிக்காத மாதிரி இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். இரண்டு மாசம். ஊட்டுகிற கையையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பார்வைக்கு அவள் வைத்திருந்த பேர் நோய்.

மார்ச் ஐந்தாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் பெரிய கொடுமை, ஆசிரியை குரலில், பொறுமையாகச் சொன்னாள்: ஒண்ணும் இல்லாததுக்கெல்லாம் அமுக்காதீங்க, வேலையில இருக்கேன், நிஜமா ஏதாவது இருந்தா மட்டும் அமுக்குங்க. அவர் கஞ்சியை விழுங்கினார். கண்ணை மூடினார். கண்ணை மூடினால் சரி என்று அவர்களுக்குள் கணக்கு. சரி என்று எடுத்துக்கொண்டாள். மார்ச் ஐந்துக்குப் பிறகு போனில் ஒரு வெள்ளைகூட இல்லை. இன்றைக்கு இருபத்தெட்டு. இருபத்து மூன்று நாளாக அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் நிம்மதியாக இருந்தாள், நிம்மதியாக இருந்தாள் என்பதை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது. போன வாரம் டாக்டர் விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுவும் இன்னும் கொஞ்ச நாள்தான் என்றார். கொஞ்ச நாளா, கொஞ்ச மணி நேரமா?

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. தேர்வு முடிவது ஒரு மணிக்கு. ஜெபமணியிடம் வராந்தாவில் ஒரு போன் பேச வேண்டும் என்று சொல்ல, அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நோட்டுக்கட்டோடு இந்த அறைக்கு வந்து உட்கார்ந்தார். வராந்தாவில் வெயில் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. மாடத்தி எடுத்தாள். செண்பகவல்லி வரும் வழியில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்: முதலில் தப்பு என் மேல் என்று சொல்வது, பிறகு ஏன் என்று சொல்வது, பிறகு மன்னிப்பு. வாயைத் திறந்ததும் அடுக்கு சரிந்தது. லேப்டாப்பைச் சாருக்குப் பக்கத்தில் வை, என்ன சொல்லணுமோ அடிக்கச் சொல்லு, போனைக் கீபோர்டு பக்கத்திலேயே வச்சிரு, என்றுதான் சொல்ல வந்தது. மாடத்தி என்ன ஏது என்று கேட்கவில்லை. சக்கர மேஜை உருளும் சத்தம், போன் எதன் மேலோ கவிழ்த்து வைக்கப்படும் சத்தம், மின்விசிறி. அதற்குப் பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. அடிக்க மாட்டார், இனி எதற்கு என்று நினைப்பார், நியாயந்தானே. அப்போது கேட்டது. டக். ஒரு விசை. ஒரு நிமிஷத்தில் பாதி போனது. டக். ஒவ்வொன்றுக்கும் விரலைத் தூக்கி, நகர்த்தி, குறி பார்த்து, விழ வைக்க வேண்டும், அவளுக்குத் தெரியும், ஆனால் இத்தனை நாளும் பட்டன் அமுக்கின நேரத்தை மட்டும் பார்த்தவளுக்கு அதற்கு முந்திய நேரம் இப்போதுதான் தெரிந்தது. மூன்று. நான்கு. ஐந்து. பிறகு வேறு சத்தம், கீபோர்டின் அகலக் கட்டை, இடைவெளி. ஆக இரண்டு வார்த்தை. ஆறு. ஏழு. தன்னையறியாமல் சுவரில் நகத்தால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். ஐந்தெழுத்தில் முடிகிற வார்த்தை எது, தண்ணி ஐந்தா ஆறா, அவர் எப்படி எழுதுவார் என்றே தெரியாதே, ஒன்றைக்கூட வாசித்ததில்லையே. எட்டு. ஒன்பதாவது விழுந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. பட்டன். முடித்ததும் பட்டனை அமுக்குவார். அமுக்கினால் பெட்டி துடைத்துக்கொள்ளும். புரோகிராம் இன்னும் அதே புரோகிராம், வீட்டில், அதே வரி அதே இடத்தில். அமுக்காதீர்கள் என்று சொல்லவே இல்லை. வகுப்புக்கே வசனம் சொல்பவள், இப்போதும் எல்லாவற்றையும் தப்பான வரிசையில் செய்துவிட்டு நிற்கிறாள். மாடத்தி, என்றாள். மாடத்தி, பட்டனை அமுக்க விடாத. போன் கவிழ்ந்து கிடந்தது. பத்து. அவள் கத்தினாள், ஜன்னல் வழியே பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். பதினொன்று. பிறகு கொஞ்சம் கனமாக ஒரு சத்தம். காதோடு ஒட்டியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பத்தொன்று. பக்கத்தில் வெள்ளை.

மாடத்தி போனை எடுத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கும், ஏதோ தானே தட்டின மாதிரி.

"அடிச்சி முடிச்சிட்டாரும்மா. வந்துருச்சா? சாரு என் மூஞ்சியவே பாக்காரு."

வந்துருச்சு என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் படுப்பார், சாயங்காலம் போய் நெற்றியைத் தடவிக் கொடுத்தால் பதில் கிடைத்த மாதிரி நினைத்துக்கொள்வார், வரியை இன்று ராத்திரியே நாலு வரி கீழே இறக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் பதினோரு எழுத்தில் என்ன கேட்டிருக்கிறாரோ, அதற்குச் சாயங்காலம் என்ன பதில் சொல்வாள்? மறுபடியும் கால் கழுவி, கஞ்சி ஊட்டி, ஒன்றும் சொல்லாமல்.

"வரல மாடத்தி. ஒரு எழுத்துகூட வரல. இன்னைக்கு மட்டுமில்ல, முதல் நாள்ல இருந்தே அவர் அடிச்சது எதுவுமே எனக்கு வரலைன்னு அவர்ட்ட சொல்லு. நான் தப்பா எழுதிட்டேன். நான் எதையும் வாசிச்சிட்டு சும்மா இருக்கலைன்னு சொல்லு."

மாடத்தி அதை வார்த்தைக்கு வார்த்தை உரக்கச் சொல்வது கேட்டது, காது கேளாதவருக்குச் சொல்கிற மாதிரி. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று எத்தனை தடவை சொல்லியும் அவளுக்குப் பழக்கம் விடவில்லை. சொல்லி முடித்த பிறகு மின்விசிறி மட்டும் ஓடியது. மாடத்தியே சொன்னாள், சாரு கண்ணுலருந்து தண்ணி வடியுதும்மா, துடைச்சி விட்டுட்டேன் என்று. அப்புறம், திரும்ப விரலைத் தூக்குதாரும்மா என்றாள். இந்தத் தடவை செண்பகவல்லி முந்திக்கொண்டாள். பட்டனை அமுக்க வேண்டாம் என்று சொல், மேஜையை நீயே பிடித்துக்கொள், எழுத்து அப்படியே நிற்கட்டும். டக் என்றது. அவள் காத்திருந்தாள். சுவரில் பதினோரு கோடும் கோணல்மாணலாக நின்றன. சாப்பாட்டு மணியடித்து, கீழே முதலாமாண்டுப் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு மரத்தடிக்கு ஓடினார்கள். இரண்டாவது விசை விழவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். விரல் அப்படியே கிடக்குதும்மா, தூக்கப் பாக்காரு, வரல, என்றாள் மாடத்தி, குரலைத் தாழ்த்தி. ஒரே ஒரு எழுத்துதான் இருக்கு. அந்த எழுத்து எப்படி இருக்கிறது, பார்த்துச் சொல் என்றாள் செண்பகவல்லி.

"ரெண்டு கம்பும்மா. மேல அகண்டு, கீழ வந்து ஒண்ணா முட்டுது."

இங்கிலீஷ் 'வி' என்கிற எழுத்து. அதில் தொடங்கினால் வா. அதில் தொடங்கினால் வலி. அதில் தொடங்கினால் வேண்டாம். அவர் சொன்னதில் முதல் முதலாக அவளுக்கு வந்து சேர்ந்தது அது, ஒரே எழுத்து, அதுவும் மாடத்தி வாயால். வா என்று நினைத்துக்கொள்ளச் சுலபமாக இருந்தது. சுலபமாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை. வேண்டாம் என்றால் எது வேண்டாம், வர வேண்டாமா, அழ வேண்டாமா, இந்தப் பட்டனும் பெட்டியும் இனி வேண்டாமா? இனி விரல் எழும்பாவிட்டால் இந்த மூன்றில் எது என்று கடைசி வரைக்கும் தெரியப் போவதில்லை, அந்த நாற்பத்திரண்டு வெள்ளையும் எது என்று தெரியப் போவதில்லை, போய்க் கேட்டால் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக் காட்டுவார், நல்ல மனுஷன். லேப்டாப் மூடியை மூடாத, நான் இப்பவே வாரேன்னு சொல்லு என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். உள்ளே வந்து ஜெபமணியிடம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கிறதே மேடம் என்று தலையைத் தூக்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வருகைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது முத்துச்செல்வி எழுந்து நின்றாள். திரையில் இன்னும் வணக்கம், காற்புள்ளி, வெள்ளை. சட்டம் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தது. செண்பகவல்லி அவள் திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். எப்ப கேக்குறன்னு பாரு, என்றாள். படியிறங்கி, ஆட்டோ கிடைக்காமல், வெயிலில் மெயின் ரோடு வரைக்கும் நடந்தாள்.